ஊதாங்குழல் மூச்சு

நேயர்களுக்கு வணக்கம். நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் இயன்முறை மருத்துவர். எங்கள் தாழ்வாரத்தில் 30 மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறோம். நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளை அதில் ஆறு நிமிடம் போய்த் திரும்பி நடக்கச் சொல்வோம். களைத்தால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது.

சென்ற ஆண்டு ஒரு பாட்டி வந்தார். பீடி, சிகரெட் தொட்டதில்லை. நாற்பது வருட விறகடுப்புப் புகை. இரண்டு சுற்று முடியுமுன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மகள் வீட்டுக்குப் பஸ் ஏறி இரண்டு வருடமாகிறதாம். "இரைக்கிறது என்று பிள்ளைகள் என்னை எழுந்திருக்கவே விடுவதில்லை தம்பி" என்றார்.

பாசம்தான். ஆனால் பாதித் தொல்லை அங்கேதான் இருக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைத்துவிடும். இளைத்த தசை சிறு வேலைக்கும் களைத்து, கூடுதல் காற்று கேட்கும். நுரையீரல் கொடுக்க முடியாமல் திணறும். பயிற்சி பழுதான நுரையீரலைச் சரிசெய்யாது. காலைத் தேற்றும். கால் தேறினால், இருக்கிற மூச்சிலேயே இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம்.

மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் மெல்ல விடச் சொன்னேன். "ஊதாங்குழல் ஊதுவதுபோலவா?" என்றார். அதேதான் பாட்டி, ஆனால் தணல் கனியாத அளவுக்கு மெதுவாக! அப்படி விட்டால் மூச்சுக்குழாய்கள் பாதியில் மூடிக்கொள்ளாது. உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். எழும்போதும் குனியும்போதும் மூச்சை விடுங்கள். தம் பிடிக்கவே வேண்டாம்.

உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிறகு நடை. முன்னதாக இன்ஹேலர் எடுக்கச் சொல்லியிருந்தால் கால் மணி நேரத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். நடக்கும்போது துண்டு துண்டாகப் பேச முடிந்தால் அளவு சரி. ஒரு சொல்லும் வராவிட்டால் நில்லுங்கள். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனை. காய்ச்சல் வந்தால், சளியின் நிறம் மாறினால், அன்று நடை வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

பாட்டி வாரத்துக்கு மூன்று நாள் வீதம் எட்டு வாரம் வந்தார். நுரையீரலின் திறனை ஊதிப் பார்க்கும் சோதனையில் எண் அசையவில்லை. மறுபடி கோட்டில் நடக்கவிட்டேன். நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார். ஆறு நிமிடம் முடிந்து நான் நிறுத்தச் சொன்னதும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இது எங்கள் ஊர் பஸ் நிறுத்தம்வரை இருக்குமா தம்பி?"