தோற்ற பிறகும் ஊர்வலம்: செயின்ட் எத்தியென் கிளப்பின் கதை

[திரையில்: பாரிஸ், ஷாம்ப்ஸ் எலிசே சாலை, 1976 மே 13]

கோப்பை ஜெயித்த அணியை ஊர்வலமாக அழைத்துப் போவது எல்லா ஊரிலும் உண்டு. தோற்றுப்போன அணிக்கு ஊர்வலம் நடந்து பார்த்திருக்கிறீர்களா? 1976 மே 13 அன்று பாரிஸின் மிகப் பிரபலமான சாலையில் அதுதான் நடந்தது. முந்தின நாள் இரவு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் 1-0 என்று தோற்றுவிட்டு வந்திருந்தார்கள் அந்தப் பச்சைச் சட்டைக்காரர்கள். சாலையின் இருபுறமும் கூட்டம். ஜனாதிபதி மாளிகையில் வரவேற்பு வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது பாரிஸ் அணியே இல்லை. பாரிஸிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி, லியோனுக்குத் தென்மேற்கே இருக்கும் ஒரு நிலக்கரி ஊரின் அணி. பெயர் ஏ.எஸ். செயின்ட் எத்தியென். பிரான்சில் "பச்சைகள்" என்றாலே போதும், இவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கிளப்பைப் பற்றி எந்தப் பிரெஞ்சுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அந்தத் தோல்வியும், ஒரு கோல் கம்பமும் கட்டாயம் வந்துவிடும். அந்தக் கம்பத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதற்கு முன்னால் கிளப் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

[திரையில்: பழைய மளிகைக் கடையின் பச்சை முகப்பு]

ஆரம்பம் ஒரு மளிகைக் கடையில். 1898இல் ஜெஃப்ருவா குய்ஷார் என்பவர் இந்த ஊரில் கசினோ என்ற பெயரில் வணிக நிறுவனம் தொடங்கினார். சூதாட்ட விடுதி அல்ல; பிற்காலத்தில் பிரான்ஸ் முழுக்கக் கிளை பரப்பிய மளிகைச் சங்கிலி. அதன் ஊழியர்களுக்காக 1919இல் ஒரு விளையாட்டுச் சங்கம் அமைந்தது. கடை முகப்பின் பச்சை அப்படியே சட்டைக்கு வந்தது.

விளையாட்டுச் சங்கத்துக்கு வணிகப் பெயர் வைக்கக் கூடாது என்று சம்மேளனம் தடுத்தபோது ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். சங்கத்தின் சுருக்கப் பெயரான ஏ.எஸ்.சி. என்ற மூன்று எழுத்துகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, கசினோ இருந்த இடத்தில் கிளப் என்று மாற்றிவிட்டார்கள். முதலாளிக்கும் வருத்தமில்லை, சம்மேளனத்துக்கும் வருத்தமில்லை. 1931இல் மைதானம் திறந்தது. அதற்கு முதலாளியின் பெயரே: ஜெஃப்ருவா குய்ஷார் மைதானம். 1933இல் கிளப் தொழில்முறை அணியானது. ரசிகர்கள் மைதானத்தைச் செல்லமாகக் "கொப்பரை" என்பார்கள். எதிரணியை உள்ளே போட்டு வேகவைக்கும் இடமாம்.

ஊரையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நிலக்கரி, துப்பாக்கி, சைக்கிள், ரிப்பன் நெசவு, இவைதான் ஊரின் தொழில்கள். பிரான்சின் முதல் ரயில் பாதையே 1827இல் இங்கிருந்து நிலக்கரி ஏற்றிப் போகத்தான் போடப்பட்டது. பக்கத்திலிருக்கும் லியோன் வியாபாரமும் வங்கியும் உள்ள பெரிய நகரம். அந்தப் பெரிய நகரத்தைச் சின்ன ஊர் ஜெயிக்கக்கூடிய ஒரே இடம் மைதானம். "கால்பந்தைப் பொறுத்தவரை லியோன் எங்கள் புறநகர்" என்று கிளப் தலைவர் ரோஜே ரோஷே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. லியோன்காரர்கள் இன்றும் அதை மன்னிக்கவில்லை.

[திரையில்: 1957 அணியின் கறுப்பு வெள்ளைப் படம்]

முதல் லீக் பட்டம் 1957இல் வந்தது. பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லா. அந்த அணியின் உயிர்நாடி ரஷீத் மெக்லூஃபி. அல்ஜீரியாவின் செத்திஃப் நகரில் பிறந்தவர். அடுத்த ஆண்டு, 1958 ஏப்ரலில், அவர் திடீரென்று காணாமல் போனார். அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரான்சில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர்கள் சிலர் ரகசியமாக எல்லை கடந்து துனிஸ் போய், விடுதலை முன்னணியின் பெயரில் ஓர் அணி அமைத்தார்கள். மெக்லூஃபி அப்போது பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாய சேவையில் இருந்தவர். அகப்பட்டிருந்தால் ராணுவத்தை விட்டு ஓடிய குற்றம். இரண்டே மாதத்தில் உலகக் கோப்பை. பிரெஞ்சு அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பும் இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்.

1962இல் போர் முடிந்தது. மெக்லூஃபி அதே பச்சைச் சட்டைக்குத் திரும்பி வந்தார். போர்க் காயம் ஆறாத காலம், ரசிகர்கள் கூச்சல் போட்டிருக்கலாம். ஆனால் ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் போர்தோவை 2-1 என்று ஜெயித்தபோது இரண்டு கோலும் அவருடையவை. இந்தக் கிளப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான். 1976கூட இதற்கு அப்புறம்தான்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்த இன்னொருவர் மாலி நாட்டின் சாலிஃப் கெய்த்தா. 1967இல் பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப் போக யாருமில்லை. ஒரு டாக்ஸியைப் பிடித்து நேராக செயின்ட் எத்தியெனுக்கே ஓட்டச் சொல்லிவிட்டார். கட்டணத்தைக் கிளப் கொடுத்தது. நல்ல முதலீடு! 1970-71 லீக்கில் மட்டும் 42 கோல் அடித்தார். ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது 1970இல் முதல் முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே. 1967 முதல் 1970 வரை லீக் பட்டம் தொடர்ந்து நான்கு முறை இந்த ஊருக்குத்தான் வந்தது.

[திரையில்: சிவப்புச் சுருள்முடிப் பயிற்சியாளர் பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறார்]

1972இல் பயிற்சியாளர் பொறுப்பு ரொபேர் ஏர்பேனிடம் போனது. வயது 33. அதுவரை அதே அணியில் ஆடியவர். சிவப்புச் சுருள்முடி, அதிகம் பேசாத முகம். பத்திரிகைகள் "ஸ்பிங்ஸ்" என்று பட்டம் வைத்தன. கோல் விழுந்தாலும் சரி, வாங்கினாலும் சரி, முகத்தில் ஒரே பாவம்தான்.

ஏர்பேன் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கிளப்பின் சொந்த இளைஞர் அணியிலிருந்து வந்த பையன்களை நம்பினார். 1970இல் இளையோருக்கான தேசியக் கோப்பையை ஜெயித்தவர்கள் அவர்கள். இரண்டாவது, உடல் பயிற்சியின் அளவைக் கூட்டினார். அன்றைய பிரெஞ்சுக் கால்பந்தில் நேர்த்தி உண்டு, மூச்சுப் பிடித்து ஓடும் பழக்கம் குறைவு. ஏர்பேனின் பையன்கள் கூடுதல் நேரத்திலும் ஓடினார்கள். பின்னால் யூகோஸ்லாவியக் கோல்கீப்பர் சூர்கோவிச், அவருக்கு முன்னால் அர்ஜென்டினாவின் ஒஸ்வால்தோ பியாசா. பந்தோடு மைதானத்தின் பாதியை ஒரே மூச்சில் கடந்துவிடும் தடுப்பாட்டக்காரர் பியாசா.

அந்த ஓட்டம் என்ன செய்யும் என்பது 1974இல் தெரிந்தது. ஐரோப்பியக் கோப்பையில் யூகோஸ்லாவியாவின் ஹைடுக் ஸ்பிளிட் அணியிடம் வெளியூரில் 4-1 என்று தோற்றார்கள். முடிந்தது கதை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 5-1 என்று திருப்பினார்கள். ஆனால் அந்த சீசனின் அரையிறுதியில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் வழிமறித்தது.

அடுத்த சீசனின் காலிறுதியில் டைனமோ கீவ். சாதாரண அணி இல்லை. 1975இல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்வான ஓலெக் புளோகின் அதில் இருந்தார். முதல் ஆட்டத்தில் 2-0 தோல்வி. 1976 மார்ச் 17, கொப்பரையில் மறு ஆட்டம். ஒரு மணி நேரம் தாண்டியும் கோல் இல்லை. அப்போது புளோகின் தனியாகப் பாய்கிறார். பக்கத்தில் சக வீரர் ஒருவர் காத்திருக்கிறார், தட்டிவிட்டால் கோல், ஆட்டம் முடிந்தது. அவர் தட்டவில்லை. தானே அடிக்கப் பார்த்தார். செயின்ட் எத்தியெனின் லோப்பெஸ் பந்தைப் பறித்துவிட்டார். அது பியாசாவிடம் போக, மறு கோடி வரை ஒரே ஓட்டம், எர்வே ரெவெல்லி கோல். சில நிமிடத்தில் ழான் மிஷேல் லார்கேயின் ஃப்ரீ கிக் இரண்டாவது. கூடுதல் நேரத்தில் தசைப்பிடிப்போடு நொண்டிக்கொண்டிருந்த தொமினிக் ரோஷ்தோ மூன்றாவது. பிரான்ஸ் முழுக்கப் பச்சை ஜுரம் பிடித்தது அந்த இரவில்தான்.

[திரையில்: கிளாஸ்கோ, ஹாம்ப்டன் பார்க். கோல் கம்பத்தின் நெருக்கமான காட்சி]

அரையிறுதியில் பி.எஸ்.வி. ஐந்தோவனைத் தாண்டி, மே 12 அன்று இறுதிப் போட்டி. எதிரே மறுபடியும் பயர்ன் மியூனிக். பெக்கன்பவர், மயர், முல்லர் எல்லாரும் உண்டு. தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையைத் தூக்க வந்திருந்தார்கள்.

முதல் பாதியில் செயின்ட் எத்தியெனின் பத்தெனே அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சற்று நேரத்தில் சாந்தினி தலையால் முட்டிய பந்தும் அதே குறுக்குக் கம்பத்தில். இரண்டாம் பாதியின் 57ஆவது நிமிடத்தில் பயர்னின் ஃபிரான்ஸ் ரோத் ஒரு ஃப்ரீ கிக்கில் அடித்த கோலே ஆட்டத்தை முடித்தது.

சரி, கம்பத்தின் கதைக்கு வருவோம். ஹாம்ப்டன் பார்க்கின் கம்பங்கள் உருண்டை இல்லை, சதுரம். உருண்டைக் கம்பத்தின் கீழ்ப்பாதியில் பந்து பட்டால் உள்பக்கம் சறுக்கிக் கோலாக வாய்ப்பு உண்டு. சதுரக் கம்பத்தின் தட்டையான முகத்தில் பட்டால் சுவரில் பட்ட மாதிரி வெளியே வந்துவிடும். ஆக, கம்பம் உருண்டையாக இருந்திருந்தால் இரண்டு கோல், கோப்பை நமக்கு. பிரான்சில் ஒரு தலைமுறையே இப்படி நம்பி வளர்ந்தது. "சதுரக் கம்பம்" என்றாலே அங்கே கைநழுவிய அதிர்ஷ்டம் என்று அர்த்தம்.

எனக்கு இது கொஞ்சம் வசதியான சமாதானமாகத்தான் படுகிறது. உருண்டைக் கம்பத்தின் மேல்பாதியில் பட்டால் பந்து வானத்துக்கும் போகும் அல்லவா? ஆட்டத்தின் தொடக்கத்தில் முல்லர் அடித்த ஒரு கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கம்பத்தைவிடப் பெரிய காரணம் காயம். ரோஷ்தோ முழு உடல்தகுதியில் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசி ஏழெட்டு நிமிடம் இறங்கியதும் வலது பக்கம் பற்றிக்கொண்டது. அவர் முதலிலிருந்தே ஆடியிருந்தால்? அது பேச வேண்டிய கேள்வி. ஆனால் காயத்தை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது, கம்பத்தை வைக்கலாம். நிஜமாகவே வைத்தார்கள். 2013இல் 20,000 யூரோ கொடுத்து வாங்கி, கிளப்பின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு வந்தார்கள். சதுரக் கம்பத்தை ஃபிஃபா 1987இலேயே தடை செய்திருந்தது.

[திரையில்: மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரம்]

1977இல் லிவர்பூலிடம் ஆன்ஃபீல்டில் கடைசி நிமிடங்களில் தோற்றதோடு அந்த அலை ஓய ஆரம்பித்தது. ரோஷே இப்போது வேறு வழி எடுத்தார். பையன்களை வளர்ப்பதற்குப் பதில் நட்சத்திரங்களை வாங்குவது. 1979இல் மிஷேல் பிளாத்தினியும் நெதர்லாந்தின் ஜானி ரெப்பும் வந்தார்கள். 1981இல் பத்தாவது லீக் பட்டம் கிடைத்தது. அதுதான் இன்று வரை கடைசி.

1982இல் குட்டு வெளிப்பட்டது. வீரர்களுக்குக் கணக்கில் வராத பணம் கொடுக்கக் கிளப்பில் ஒரு கறுப்புக் கஜானா இருந்தது. ரோஷே பதவி விலகினார், வழக்கு, தண்டனை, பிறகு ஜனாதிபதி மித்தெரானின் மன்னிப்பு. பிளாத்தினி யுவென்டஸ் போய்விட்டார். 1984இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ஊரும் அதே காலத்தில்தான் சரிந்தது. கூரியோ சுரங்கம் 1973இல் மூடப்பட்டது. துப்பாக்கியும் சைக்கிளும் தபால் வழியே விற்ற மனுஃபிரான்ஸ் நிறுவனம் எண்பதுகளில் திவாலானது. ஐரோப்பாவைக் கலக்கிய ஆண்டுகளிலேயே ஊரின் அடித்தளம் ஆடிக்கொண்டிருந்தது என்பதை அந்த ஊர்வலப் படங்களில் பார்க்க முடியாது.

அதற்குப் பிறகான நாற்பது ஆண்டுகளை வேகமாகவே கடக்கலாம், ஏறுவதும் இறங்குவதும்தான். 1999இல் முதல் டிவிஷனுக்குத் திரும்பினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அதை ஏமாற்றப் போலி ஐரோப்பியப் பாஸ்போர்ட் பயன்படுத்தப்பட்டது தெரியவந்ததும் ஏழு புள்ளி பறிபோனது. 2001இல் மறுபடி இறக்கம். 2010 செப்டம்பரில், லியோனுடனான நூறாவது டெர்பியில், அதாவது பக்கத்து ஊர் மோதலில், திமித்ரி பயேயின் ஒரு ஃப்ரீ கிக்கில் லியோனை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தினார்கள். 2013இல் லீக் கோப்பை கிடைத்தது, 32 ஆண்டுக்குப் பிறகு முதல் பெரிய கோப்பை.

2022தான் கொடுமை. பத்து லீக் பட்டம் என்ற சாதனையை நெடுங்காலம் இந்தக் கிளப் தனியாக வைத்திருந்தது. அந்த ஏப்ரலில் பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் தன் பத்தாவது பட்டத்தோடு வந்து சமன் செய்தது. மே மாதம், யார் கீழே போவது என்று தீர்மானிக்கும் ஆட்டத்தில் ஒசேர் அணியிடம் பெனால்டியில் தோற்று செயின்ட் எத்தியென் கீழே போனது. ரசிகர்கள் தீப்பந்தங்களோடு மைதானத்துக்குள் புகுந்தார்கள். தண்டனையாக அடுத்த சீசனை மைனஸ் மூன்று புள்ளியோடு தொடங்க வேண்டியதாயிற்று.

2024இல் மெட்ஸை வென்று மேலே வந்தார்கள். அதே கோடையில் கனடாவின் கில்மர் நிறுவனம் கிளப்பை வாங்கியது. நிர்வாகத் தலைவராக வந்தவர் முன்பு ஆர்சனலிலும் ஏ.சி. மிலனிலும் இருந்த ஐவன் கசிடிஸ். ஆனாலும் 2025இல் மறுபடி இரண்டாம் டிவிஷன். கசினோ நிறுவனமும் 2024இல் கடன் சுமையில் கைமாறிவிட்டது, பெரிய கடைகளில் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டது. மளிகைக்காரர் பெயர் மட்டும் மைதானத்தின் நெற்றியில் அப்படியே இருக்கிறது. உள்ளே சுமார் 42,000 இருக்கை. இரண்டாம் டிவிஷனில் ஆடும்போதும், அந்த டிவிஷனில் வேறெந்த அணிக்கும் வராத கூட்டம் அங்கே வருகிறது.