செல்வி என்ன தப்பு செய்தாள்?

நேயர்களுக்கு வணக்கம். த்ரில்லர் படங்களில் குடும்பம் எப்படி வருகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்துப் படங்களைத் தொட்டுப் போவதைவிட, நம் வீடுகளில் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு படத்தோடு நின்றுகொள்கிறேன். ஜீத்து ஜோசப் இயக்கி 2015-ல் வந்த 'பாபநாசம்'.

கதை உங்களுக்குத் தெரியும். போலீஸ் ஐ.ஜி.யின் மகன், முகாமுக்குப் போன இடத்தில் செல்வி குளிப்பதைச் செல்போனில் எடுத்து, வீடு தேடி வந்து மிரட்டுகிறான். அம்மா ராணி கெஞ்சுகிறார். அவன் அந்தத் தாயிடமே தப்பாகக் கேட்கிறான். செல்வி அடிக்கிறாள், அவன் செத்துப்போகிறான். அப்புறம் கேபிள் டிவி நடத்தும் அப்பா சுயம்புலிங்கம், அன்று குடும்பமே ஊரில் இல்லை என்று காட்ட, பஸ் டிக்கெட், ஓட்டல் பில், சினிமா டிக்கெட் என்று சேர்த்து வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்.

முதல் தடவை நானும் அவருடைய சாமர்த்தியத்தில்தான் மூழ்கிப்போனேன். இரண்டாம் தடவை, ராணி கெஞ்சும் இடத்தைத் தாண்டி மனசு நகரவே இல்லை. தப்பு செய்தவன் நிமிர்ந்து நிற்கிறான், செய்யாதவர்கள் கெஞ்சுகிறார்கள். வீடியோ வெளியே போனால் பெண்ணின் வாழ்க்கை முடிந்தது என்று ராணி நம்புகிறார், செல்வி நம்புகிறாள், மிரட்டுகிறவனும் நம்புகிறான். பார்க்கிற நாமும்தான். அந்த ஒரு நம்பிக்கை இல்லையென்றால் இந்தக் கதையே கிடையாது. 2013-ல் முதலில் மலையாளத்தில் வந்த இதே கதை தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், சீனம் வரை போயிருக்கிறது. பெண்ணின் மானம் போய்விடும் என்ற பயம் எல்லா ஊரிலும் புரிந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் உறுத்தியது. பிள்ளைக்காகச் சட்டத்தை மீறுவது இரண்டு வீட்டிலும் நடக்கிறது. சுயம்புலிங்கம் மீறும்போது அது பாசமாகத் தெரிகிறது. காணாமல் போன மகனைத் தேடும் ஐ.ஜி. கீதா மீறும்போது கொடூரமாகத் தெரிகிறது. ஒரு குடும்பத்தையே அடிக்க விடுகிறார், அது கொடுமைதான். ஆனால் சீருடை போட்ட அம்மாவின் கண்ணீர் நம்மை வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது! வீட்டிலேயே இருக்கும் ராணியை மட்டும் முதல் காட்சியிலேயே நல்ல அம்மாவாக ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

இத்தனைக்கும், அதே 2013-ல்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி பிரிவு வந்தது. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்த்தாலோ படம் எடுத்தாலோ, முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையில் அது 77-ஆம் பிரிவு. ஐ.ஜி. மகன்மேல் புகார் எடுபடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாதாரண வீட்டுப் பையன் மிரட்டியிருந்தாலும் ராணி இப்படித்தான் கெஞ்சியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் பயந்தது போலீஸுக்கு அல்ல, அக்கம்பக்கத்து வாய்களுக்கு.

இப்படி ஒரு மிரட்டலை மனசில் பூட்டிக்கொண்டு எந்தப் பெண்பிள்ளையாவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உன்னிடம் சொல்கிறேன் அம்மா. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. வீட்டில் சொல். வீட்டில் சொல்ல வாய் வரவில்லையா, சரி, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ போன் பண்ணு. ராத்திரி எந்த நேரமானாலும் பரவாயில்லை.