‘விண்டோஸ்.ஓல்ட்’: 20 ஜிபி இடம் கிடைக்கும், ஆனால் அழிக்கும் முன் இந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்

[திரையில்: சி டிரைவ், சிவப்புப் பட்டை]

வணக்கம். சி டிரைவில் இந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்துக் கவலைப்படுபவர்களுக்கான வீடியோ இது. பல கணினிகளில் 10, 20 ஜிபிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஃபோல்டரைச் சில நிமிடங்களில் நீக்கிவிடலாம். ஆனால் அதே ஃபோல்டருக்குள் உங்கள் வீட்டுப் புகைப்படங்களின் ஒரே பிரதி இருக்கக்கூடும். எனவே தயவுசெய்து பாதியில் நிறுத்திவிட்டு அழிக்கப் போய்விடாதீர்கள்.

சென்ற மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆறு நாட்களுக்கு முன்புதான் ஒரு கடையில் அதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். “அக்கா, என் ஃபைல் எல்லாம் போயிருச்சு, ஆனா இடமும் இல்லன்னு சொல்லுது” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருந்தது. எல்லாம் போய்விட்டது என்றால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது? அவருடைய எஸ்எஸ்டி, அதாவது கணினியின் சேமிப்பகம், 128 ஜிபி. விண்டோஸ் கணக்கில் அது 119 ஜிபி என்றுதான் காட்டும். அதில் நான்கு ஜிபிதான் மீதம் இருந்தது.

சி டிரைவைத் திறந்தோம். ‘விண்டோஸ்’ என்ற ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே ‘விண்டோஸ்.ஓல்ட்’ இருந்தது. அதற்குள் ‘யூசர்ஸ்’, அதற்குள் அவருடைய பழைய பெயர், அதற்குள் ‘பிக்சர்ஸ்’. அனுமதி இல்லை என்று கணினி தடுத்தபோது ‘கன்டினியூ’ என்பதை அழுத்தினோம். ‘அப்பா போட்’ என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர் திறந்தது. அணியத்தில், அதாவது முன்முனையில், மாலை சுற்றிய நாட்டுப்படகு, அதன் பக்கத்தில் ஈரக் கைலியோடு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கும் அவருடைய அப்பா. அந்தப் படகை விற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் படங்கள் வேறு எங்கும் இல்லை. இணையத்தில் பலரும் ‘குப்பை’ என்று சொல்லி உடனே அழிக்கச் சொல்லும் ஃபோல்டர் இதுதான். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்ததால் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். அப்படி மாறும்போதோ, டிரைவை ஃபார்மட் செய்யாமல் விண்டோஸைப் புதிதாகப் போடும்போதோ, பழைய விண்டோஸ் முழுவதும் இந்த ஃபோல்டருக்குள் நகர்த்தப்படுகிறது. மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட்டுகளால் இது உருவாவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். முறையாக மேம்படுத்தியவர்களுக்குப் புதிய விண்டோஸ் ஒத்துவரவில்லை என்றால் பழையதற்கே திரும்பிப் போகும் வசதி உண்டு. அந்த வசதிக்காகவே இந்த ஃபோல்டரைக் கணினி வைத்திருக்கிறது. அதற்கான காலம் 10 நாட்கள். அதன் பிறகு கணினி அதைத் தானாகவே நீக்கிவிடும். இந்தக் காலத்தை நாம் நீட்டிக்கலாம் என்பதும், அதிகபட்சம் 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. 60 என்றதும் நம் கடற்கரைக்காரர்களுக்கு என்ன நினைவு வரும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு இருக்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாட்கள்; அதற்கு ஒரு நாள்தான் குறைவு! அந்த நாட்களில் மண்டபத்திலும் பாம்பனிலும் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வண்ணம் பூசி, எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதிய எஞ்சின் பொருத்தியவர், அது இரண்டு மூன்று முறை கடலுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பி வரும் வரை பழைய எஞ்சினைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பமாட்டார். கரையில் நிற்கும்போது எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும். கணினியிலும் அதே பொறுமை வேண்டும்: பிரிண்டர் வேலை செய்கிறதா, வைஃபை அறுந்துபோகாமல் இருக்கிறதா, நீங்கள் கணக்கு எழுதும் மென்பொருள் திறக்கிறதா என்று உங்கள் அன்றாட வேலையை வைத்துச் சோதித்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். காலத்தை நீட்டிக்கும் கட்டளை இப்போது திரையில் இருக்கிறது, இது விண்டோஸிலேயே உள்ள ‘டிஐஎஸ்எம்’ என்ற கருவிக்கானது; அதை முதல் 10 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

[திரையில்: கட்டளை வரி, முடிவில் 60 என்ற எண்]

அந்த மாணவியின் கணினியில் திரும்பிப் போகும் வசதி இல்லை, ஏனென்றால் அது மேம்படுத்தல் அல்ல, புதிதாகப் போட்ட விண்டோஸ். ஆகவே படங்களையும் ஆவணங்களையும் முதலில் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, நான்கைந்து படங்களை அங்கிருந்தே திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்கினோம். நீங்கள் ‘டெஸ்க்டாப்’, ‘டாக்குமென்ட்ஸ்’, ‘டவுன்லோட்ஸ்’ ஆகியவற்றையும் பாருங்கள். கருவாட்டு வியாபாரத்துக்கோ கடைக்கோ டேலியில் கணக்கு வைத்திருப்பவர்கள் ‘யூசர்ஸ்’ உள்ளே இருக்கும் ‘பப்ளிக்’ ஃபோல்டரையும் மறக்காமல் பாருங்கள். கணக்குத் தரவு அங்கே இருக்கலாம்.

நீக்கும் முறை எளிது. ஃபோல்டரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து அழிக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும். சார்ஜரைச் செருகிவிட்டு, ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’, ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்ற வரிசையில் செல்லுங்கள். பட்டியலில் ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்பதைத் தேர்வுசெய்யுங்கள். அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்பதும் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் இறக்கி வைத்த ஹால் டிக்கெட்டும் சான்றிதழும் சேர்ந்து போய்விடும். பிறகு ‘ரிமூவ் ஃபைல்ஸ்’. இப்படி நீக்கியது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டைத் தொட வேண்டாம். பட்டியலில் ‘ஈஎஸ்டி இன்ஸ்டலேஷன் ஃபைல்ஸ்’ இருந்தால் விட்டுவிடுங்கள். கணினியை ரீசெட் செய்ய அது தேவைப்படும். மற்றொன்று, ‘விண்டோஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர். அதன் அளவைப் பார்த்துப் பதற்றப்பட வேண்டாம். அதில் உள்ள பல ஃபைல்கள் ஒரே ஃபைலுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர் என்ற முறையில் இருப்பவை. வீட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் கொண்ட ஒரே பையனை இரண்டு பேராக எண்ணினால் எப்படியோ, அப்படித்தான் ஃபைல் எக்ஸ்புளோரர் அந்த ஃபோல்டரின் அளவைக் கூட்டிக் காட்டுகிறது. கையால் அழித்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

[திரையில்: சி டிரைவ், நீலப் பட்டை]

மாணவியின் கணினியில் நான்கு ஜிபியாக இருந்த காலியிடம் 26 ஜிபி ஆனது. பென் டிரைவை அவர் பையில் போடவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். உங்கள் ‘விண்டோஸ்.ஓல்ட்’ எத்தனை ஜிபி என்று கீழே எழுதுங்கள். ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்தபோது உள்ளே என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.