அறிவுரை ஒரு நிமிடம், நாவல் இருபது ராத்திரி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை ராத்திரி நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மண்டபம் நிறைய வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

வளரும் பிள்ளைகளுக்குத் துணிவு தருவது பெரியவர்களின் அறிவுரையா, அவர்கள் படிக்கும் நாவல்களா என்பது இன்றைய கேள்வி. நாவல்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா இரண்டு விஷயம் சொன்னார். நம் தாத்தா பாட்டி என்ன நாவல் படித்தா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தார்கள் என்று கேட்டார். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் சாவும் பிரிவும் உள்ள கதைகளைக் கொடுத்தால் மனசு உடைந்துபோகும் என்றும் சொன்னார். இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன் என் அக்கா மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும்போது அவள் வகுப்பில் மொத்தம் 11 பேர். அவள்தான் வகுப்புத் தலைவி. திங்கட்கிழமை சபைகூடலில் திருக்குறள் சொல்வதும் அவள்தான். அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு, தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள் மலாயைத் தேற்றிக்கொள்ள ஒரு வருஷம் படிக்கும் வகுப்பு. எல்லாமே மலாய். ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியும், வாயில் சொல் வராது. மூன்றாவது வாரம் காலையில் வயிற்றுவலி என்றாள். கிளினிக்கில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். மறுநாளும் வலித்தது.

நாங்கள் சும்மா இருந்தோமா? தைரியமா இரு என்றாள் அக்கா. நாங்களெல்லாம் மழையில் நனைந்து நடந்து போய்ப் படித்தோம் என்றார் மாமா. நானும் என் பங்குக்குச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வயிற்றுவலி மட்டும் போகவில்லை.

அப்புறம்தான் ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. 1975-இல் பத்து வயதில் வியட்நாமின் சைகோன் நகரை விட்டுக் குடும்பத்தோடு தப்பி, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் போய்க் குடியேறியவர் தான்ஹா லாய். அந்தப் பிள்ளைப் பருவத்தை வைத்து அவர் எழுதி 2011-இல் வந்த நாவல் 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்'. புதுக்கவிதை நடை, ஆங்கிலம். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நான் வாசித்துத் தமிழில் சொல்லுவேன். கதையில் ஹா என்று ஒரு பிள்ளை. சொந்த ஊரில் கெட்டிக்காரி. புதுப் பள்ளியில் மொழி தெரியாததால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடம் வந்ததும் அக்கா மகள் என் கையைப் பிடித்தாள். "சித்தி, அதை இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்கும் அப்படித்தான் இருக்கு."

இத்தனை பெரியவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டும் வராத வார்த்தை, நடுவர் அவர்களே! அறிவுரை சொல்கிற நாம் எல்லாரும் கஷ்டத்தைத் தாண்டி முடித்தவர்கள். ஹா இன்னும் தாண்டவில்லை. அவளும் நாளைக் காலையில் எழுந்து அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். நாங்கள் அந்தக் கதையை முடிக்க ஏறக்குறைய இருபது ராத்திரி ஆனது. ஒவ்வொரு ராத்திரியும் ஹாவின் கஷ்டம் பாதியில்தான் நிற்கும். அதோடு படுத்து, அதோடு எழுந்து, இவளும் பள்ளிக்குப் போனாள். தீராத ஒன்றைச் சுமந்துகொண்டு நடக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. ஒரு நிமிடத்தில் முடிகிற அறிவுரையில் அதற்கு இடமே இல்லை.

சரி, ஐயாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் நம் பாட்டிகள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள்? நல்லதங்காள் கதையைக் கேட்டு வளர்ந்தார்கள். ஏழு பிள்ளைகளும் கிணற்றுக்குப் போன கதை அது. அரிச்சந்திரன் கூத்தில் பாம்பு கடித்துச் செத்த மகனை மடியில் போட்டுச் சந்திரமதி அழுவதை, விடிய விடிய உட்கார்ந்து பிள்ளைகளும்தானே பார்த்தார்கள்? அந்தப் பிள்ளைகள்தான் காலையில் எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களாக வளர்ந்தார்கள். நீண்ட கதையும் துயரக் கதையும் நமக்குப் புதிதல்ல.

இரண்டாவது, மனசு உடையும் என்ற பயம். அது நியாயமான பயம். ஆனால் ரப்பர் பால் மரத்தில் கத்தி போட்டவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், என் அம்மா உட்பட. மேலாக வெட்டினால், பால் பிடிக்கும் மங்கில் பால் விழாது. ஆழம் அதிகமானால் மரத்துக்குக் காயம், பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும். வெட்டுகிற கையில்தான் எல்லாம் இருக்கிறது. கேத்தரின் பேட்டர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் மகனுக்கு ஒரு தோழி. எட்டு வயதில் மின்னல் தாக்கி அந்தப் பிள்ளை இறந்துபோனாள். பேட்டர்சனின் கணவர் பாதிரியார், ஆறுதல் வார்த்தைக்குக் குறைவில்லாத வீடு. அப்படியும் அந்தச் சாவோடு மல்லுக்கட்ட அவருக்கு ஒரு நாவல் தேவைப்பட்டது. 1977-இல் 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' வந்தது, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பிள்ளைகள் புத்தகத்துக்குக் கொடுக்கும் நியூபெரி பதக்கம் பெற்றது. அந்தக் கதையிலும் ஒரு சிறுமி இறக்கிறாள், ஆனால் இறப்பதை அவர் காட்டவே இல்லை. அவள் நண்பன் வெளியூர் போயிருந்த நாளில் நடக்கிறது, வீடு திரும்பியவனுக்குச் செய்தியாக வருகிறது. பிறகு வரும் பக்கங்களில் அவன் நம்ப மறுப்பதும், கோபப்படுவதும், அழுவதும்தான். எந்த ஆழத்தில் கத்தியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை அது.

இன்னொன்று. பெரியவர்களுக்கு வாயில் வராத விஷயங்களும் உண்டு. பெண் பிள்ளையைத் தொடக்கூடாத இடத்தில் ஒருவன் தொட்டால் என்ன செய்வது என்று எத்தனை வீட்டில் உட்கார வைத்துப் பேசுகிறோம்? யெஸ். பாலபாரதி தமிழிலேயே எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பேசுகிறது. 2020-இல் அதற்குச் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது கிடைத்தது. பிள்ளை பயந்து போகாமல் படிக்கலாம், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்துகொள்ளலாம்.

ஹாவின் கதை இப்போது என்னிடம் இல்லை. அக்கா மகளோடு அதே புகுமுக வகுப்பில் சீனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கும் மலாய் தடுமாற்றம். இரண்டு பேருக்கும் சேர்ந்து பேச ஒரு மொழி சரியாக இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், ஹா புதுப் பள்ளியில் முதல்முதலாக உட்காரும் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. வணக்கம்.