ஏரி மைதானத்து லெக் ஸ்பின்னர்

நேயர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊரில் கிரிக்கெட் மைதானம் என்று தனியாக எதுவும் இல்லை. கோடையில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். அந்த ஏரியில் முப்பது வருஷம் கார்க் பந்தைச் சுழற்றியவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஊருக்கு அவர் மிலிட்டரிக்காரர், எனக்குத் தாய்மாமா. போன தை மாதம் தவறிவிட்டார்.

மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருஷம் இருந்தார். 1758-இல் தொடங்கிய படை என்று சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். 1971 டிசம்பர் போரின்போது மேற்கு எல்லையில் இருந்தவர். அதைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான்: "குளிர் ஜாஸ்திப்பா." போகப்போக நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

அதே வருஷம் ஆகஸ்ட் மாதத்தைக் கேட்டால் கதையே வேறு. விடிய விடியப் பேசுவார். லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் பி.எஸ்.சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டது. அந்த மண்ணில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் அது. முகாமில் இருந்த ஒரே ரேடியோவைச் சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டார்களாம். சந்திரசேகர் பந்து போட்டது, சிறுவயதில் போலியோ தாக்கிய கையால். "மெலிஞ்ச கைப்பா அது. மணிக்கட்டுதான் எல்லாம் பண்ணுச்சு" என்பார் மாமா. அன்றிலிருந்து அவரும் மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் லெக் ஸ்பின்தான்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டார். டோர்னமென்ட்டுகளில் பர்கூர், ஓசூர் டீம்கள் அவர் ஓவரைத் தாண்டினால் போதும் என்றுதான் ஆடும். வெடித்த ஏரி மண்ணில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கு மட்டும் தெரியும். வாங்கிய கப்புகளை எண்ணி வைத்ததில்லை. ஒன்றில் அத்தை ஊசியும் நூலும் போட்டு வைத்திருக்கிறார்.

அத்தைக்குக் கைமூட்டு வலி வந்த பிறகு களி கிளறுவது மாமாவின் வேலையாயிற்று. கேழ்வரகுக் களி கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துடுப்பைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டுமென்று. அடுப்பங்கரையில் நின்று மகளைக் கூப்பிடுவார். "இங்க பாரு, கூக்ளி போடறப்ப கை இப்படித்தான் திரும்பணும்." லெக் ஸ்பின் போலவே தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்துதான் கூக்ளி. அப்புறம் அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போய், உதிர்ந்த மாம்பிஞ்சைக் கொடுத்துப் போடச் சொல்வார். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதிலே சொன்னதில்லை. அடுத்த பிஞ்சைப் பொறுக்கிக் கொடுப்பார். அந்தப் பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஏரியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. வற்றியதும் பையன்கள் பிட்ச் போடுவார்கள். கயிறு பிடித்து 22 கெஜம் அளப்பது எப்போதும் மாமாதான். சரி, இந்த முறை நான் வந்து அளக்கிறேன் என்று அவர் மகள் சொல்லியிருக்கிறாள்.