ஒரு கிளப் முதல் டிவிஷனில் நிலைபெற்றுவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இதை நான் பேசுவது 2025 ஆகஸ்டில். இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கின் 2025-26 சீசன் இன்னும் சில நாட்களில் தொடங்குகிறது. வந்திருக்கும் கேள்விகளில் இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றிய கேள்வி என்பதால் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். கேள்வியைப் படிக்கிறேன்.

"போன வீடியோவில் பிரென்ட்போர்டை 'நிலைபெற்ற கிளப்' என்றீர்கள். அவர்கள் மேலே வந்து நாலு வருடம்தான் ஆகிறது. லெஸ்டர் பட்டமே வென்ற கிளப், அதை அப்படிச் சொல்லவில்லை. ஒரு கிளப் முதல் டிவிஷனில் நிலைபெற்றுவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? எத்தனை வருடம் வேண்டும்?"

முதலில் வருடக் கணக்கையே பார்த்துவிடலாம், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சண்டர்லேண்ட் 2007-இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வந்தது, 2017-இல் மறுபடி அங்கேயே இறங்கியது. பத்து சீசன். பத்து சீசன் என்றால் வேர் பிடித்திருக்க வேண்டும் இல்லையா? கடைசி ஐந்து வருடங்களைப் பாருங்கள்: 17-ஆம் இடம், 14, 16, 17, அப்புறம் கடைசி இடமான 20. 2013 மார்ச்சில் பயிற்சியாளர் மார்ட்டின் ஓ'நீலை அனுப்பிவிட்டு டி கேனியோவைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் போயட். 2015 மார்ச்சில் அட்வகாட், அக்டோபரில் அலர்டைஸ். ஒவ்வொருவரும் வந்து தீயை அணைத்தார்கள், அடுத்தவர் வரும்போது மறுபடி தீ. 2017-இல் இறங்கியதும் அங்கேயும் நிற்க முடியவில்லை, அடுத்த வருடமே மூன்றாம் டிவிஷன். பத்து வருடத்தில் ஒரு வருடம்கூட அந்த ரசிகர்கள் ஏப்ரல் மாதத்தை நிம்மதியாகக் கழித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கோவென்ட்ரி இன்னும் பெரிய உதாரணம். 1967 முதல் 2001 வரை, 34 வருடம் விடாமல் முதல் டிவிஷன். இறங்கிய பிறகு நான்காம் டிவிஷன் வரை போனார்கள், 2025 வரை மேலே வரவில்லை. ஆக, வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

பட்டத்தை வைத்தும் முடியாது. பிளாக்பர்ன் 1995-இல் சாம்பியன், 1999-இல் கீழே. அது தனிக்கதை, அதற்குள் போகவில்லை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த கிளப் எதை இழந்தது, இழந்த பிறகு என்ன ஆயிற்று? கோல் அடிப்பவர் போகலாம், பயிற்சியாளர் போகலாம், சீசனின் ஆரம்பமே நாசமாகலாம். நட்ட நாற்று பச்சையாக இருப்பதை வைத்து வேர் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். காற்று அடித்த மறுநாள் போய்ப் பார்ப்போம்.

காற்று அடித்த ஒரு வருடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கிரிஸ்டல் பேலஸ், 2017-18. இந்த கிளப்பின் பழைய வரலாறு தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். அதற்கு முன் பிரீமியர் லீக்கில் அவர்கள் ஆடியது 1992-93, 1994-95, 1997-98, 2004-05. நான்கு முறை ஆடி, நான்கு முறையும் அதே சீசனில் இறங்கியவர்கள். 2010-இல் கிளப்பே திவாலாகி, அதை மீட்க நியமித்த நிர்வாகியின் கையில் இருந்தது. 2013-இல் ஐந்தாவது முறையாக மேலே வந்தார்கள்.

2017 கோடையில் ஃபிராங்க் டி போயர் பயிற்சியாளராக வந்தார். நான்கு லீக் ஆட்டம், நான்கிலும் தோல்வி, ஒரு கோல் இல்லை. செப்டம்பரில் அவரை அனுப்பிவிட்டு ராய் ஹாட்ஜ்சனை அழைத்தார்கள். அவர் வந்தும் மூன்று தோல்வி. சவுத்தாம்ப்டனிடம் ஒன்று, மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0, மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-0. ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, கோல் பூஜ்யம். எட்டாவது ஆட்டத்துக்கு வருவது யார் என்றால், நடப்புச் சாம்பியன் செல்சீ. அன்று பேலஸின் அந்த சீசனின் முதல் கோல் விழுந்தது. அதுவும் செல்சீயின் அஸ்பிலிக்வெட்டா மீது பட்டு உள்ளே போன சொந்த கோல். செல்சீ சமன் செய்தது. காயத்திலிருந்து அன்றுதான் திரும்பிய பேலஸ் வீரர் ஸாஹா இரண்டாவதை அடித்தார், 2-1.

அந்த சீசனை பேலஸ் எந்த இடத்தில் முடித்தது தெரியுமா? பதினொன்று. ஏழு ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மீதி 31 ஆட்டத்தில் பதினோராம் இடத்துக்கு வந்தார்கள். 2013 முதல் 2025 வரை பன்னிரண்டு சீசனிலும் அவர்கள் 10-ஆம் இடத்துக்கு மேலே போனதில்லை, 15-க்குக் கீழே போனதும் இல்லை. இதைச் சலிப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான்கு முறை வந்த வேகத்தில் விழுந்த ஒரு கிளப்புக்கு இது பெரிய சாதனை. 2025 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்ஏ கோப்பையை எடுத்தார்களே, அவர்களுடைய முதல் பெரிய கோப்பை, அது இந்தப் பன்னிரண்டு வருட மண்ணில் முளைத்தது.

சரி, இழப்பைத் தாங்குவது எப்படி என்று கேட்டால், பிரைட்டனைப் பார்க்க வேண்டும். 2022 கோடையில் நடுக்களத்தின் தூணாக இருந்த பிசூமாவை டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். அவர் இடத்துக்கு ஆள் தேடி அலையவில்லை, கைசேடோ ஏற்கெனவே வீட்டில் இருந்தார். ஈக்வடாரிலிருந்து 2021-இல் வாங்கி, பெல்ஜியத்தில் ஒரு கிளப்புக்குக் கடனாக, அதாவது கொஞ்ச காலம் ஆடிவிட்டுத் திரும்பி வர, அனுப்பி, பழக்கி வைத்திருந்த பையன். அதே கோடையில் இடதுபக்க டிஃபெண்டர் குகுரெயா செல்சீக்குப் போனார், அவர் இடத்துக்கு எஸ்துபினியான் வந்தார். செப்டம்பரில் பயிற்சியாளர் பாட்டரையே செல்சீ தூக்கிக்கொண்டு போனது, உதவியாளர்களோடு சேர்த்து. டி செர்பி வந்தார். ஜனவரியில் முன்கள வீரர் டிராசார்ட் ஆர்சனலுக்கு. ஒரு சாதாரண கிளப்புக்கு இதில் பாதி நடந்திருந்தாலே போதும். பிரைட்டன் அந்த சீசனை முடித்தது ஆறாம் இடத்தில். அடுத்த கோடையில் கைசேடோவே செல்சீக்குப் போனார், 115 மில்லியன் பவுண்டு வரை போகும் விலைக்கு. மறுபடியும் தாங்கினார்கள், 11-ஆம் இடம்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். ஷெஃபீல்ட் யுனைடெட் 2019-20-இல் புதிதாக வந்து ஒன்பதாம் இடம் பிடித்தது. அவர்கள் ஆடிய விதமே தனி, நடு டிஃபெண்டர்கள் பந்து இல்லாமலே விளிம்பில் ஓடி முன்னால் போவார்கள். பார்க்கவே அழகு. அடுத்த சீசன் கோல்கீப்பர் டீன் ஹெண்டர்சன், கடனில் வந்தவர், தன் கிளப்புக்குத் திரும்பிவிட்டார். இடதுபக்க டிஃபெண்டர் ஜாக் ஓ'கானல் இரண்டு ஆட்டத்தோடு முழங்கால் காயத்தில் போனார். அந்த இரண்டு ஆணி கழன்றதும் மொத்தமும் சரிந்தது. கடைசி இடம். முதல் வருடம் அவர்கள் நன்றாக ஆடியது பொய் இல்லை. ஆனால் அந்த ஆட்டம் பதினொரு பேரிடம் இருந்தது, கிளப்பிடம் இல்லை. இப்ஸ்விச்சுக்கும் இதே கதி நேர்ந்தது: 2001-இல் ஐந்தாம் இடம், 2002-இல் கீழே. இரண்டாவது சீசன்தான் கடினம் என்று ஆங்கிலேயர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. லீக்கின் விதிப்புத்தகத்திலேயே ஒரு விதமான வரையறை ஒளிந்திருக்கிறது. இறங்கும் கிளப்புகளுக்கு, வருமானம் திடீரென்று குறைவதைத் தாங்க, பாராசூட் பணம் கொடுப்பார்கள். சாதாரணமாக மூன்று வருடத்துக்கு. ஒரே சீசனில் இறங்கிவிட்டால் இரண்டு வருடம்தான். அப்புறம் நஷ்ட வரம்பு. 2025-26 சீசனின் விதிப்படி மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம், அதாவது வருடத்துக்கு 35. ஆனால் இரண்டாம் டிவிஷனில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 13 மட்டுமே. ஆகவே புதிதாக மேலே வந்த கிளப் முதல் வருடம் 61 மில்லியன் வரம்போடு ஆடுகிறது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2024-இல் நான்கு புள்ளிகளை இழந்தது இந்த 61-ஐத் தாண்டியதற்காகத்தான். மூன்று முழு சீசன் தங்கினால்தான் மற்றவர்களுக்குச் சமமான கணக்கு கிடைக்கும். எத்தனை வருடம் என்று கேட்டீர்களே, எண்ணாகவே வேண்டுமென்றால் குறைந்தது மூன்று என்பேன். அதற்கு முன் எந்த கிளப்பையும் நிலைபெற்றது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதற்குப் பிறகும் இழப்பைத் தாங்கினால்தான்.

இப்போது லெஸ்டர். இதில் நியாயமாகப் பேச வேண்டும். லெஸ்டர் ஒரு காலத்தில் நிலைபெற்ற கிளப்தான். 2016-இல் பட்டம் வென்றதை வைத்துச் சொல்லவில்லை, அதற்கடுத்த வருடத்தை வைத்துச் சொல்கிறேன். நடுக்கள வீரர் கான்டே போய்விட்டார். பிப்ரவரியில் 17-ஆம் இடத்தில் கிடந்தார்கள், பயிற்சியாளர் ரனியேரியை அனுப்பினார்கள், அப்படியும் 12-ஆம் இடத்தில் முடித்தார்கள். பிறகு மாரெஸ் போனார், மக்வயர் போனார், அணி நின்றது. இரண்டு முறை ஐந்தாம் இடம், 2021-இல் எஃப்ஏ கோப்பை. அன்று என்னைக் கேட்டிருந்தால் சந்தேகமே இல்லாமல் லெஸ்டரைச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் என்ன ஆயிற்று? விற்று வாங்கும் அந்தச் சக்கரம் நின்றுவிட்டது. வருமானத்துக்கு மீறி சம்பளம் ஏறியது. டீலமன்ஸ், சொயுஞ்சு மாதிரி ஆட்களை விலை இருக்கும்போது விற்காமல் ஒப்பந்தம் முடியும்வரை வைத்திருந்து, கடைசியில் சும்மா போகவிட்டார்கள். 2022-இல் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் போனபோது அவர் இடத்துக்குச் சரியான ஒருவரைக் கொண்டுவரவில்லை. 2023 மே மாதம் கடைசி நாளில் வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றும் இறங்கினார்கள், ஏனென்றால் அதே நேரத்தில் எவர்ட்டன் போர்ன்மத்தை 1-0 என்று வென்றது. லெஸ்டர் 34 புள்ளி, எவர்ட்டன் 36. பிறகு ஏறி, 2025-இல் மறுபடி இறங்கிவிட்டார்கள். நிலைபெறுவது ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் சொத்து கிடையாது, அவ்வளவுதான்.

எவர்ட்டனை நினைத்துப் பாருங்கள். 1954 முதல் இறங்கியதே இல்லை. ஆனாலும் 2022 மே மாதம் தங்கள் அப்போதைய மைதானமான கூடிசன் பார்க்கில், பாதி ஆட்டத்தில் பேலஸிடம் 0-2 என்று பின்தங்கி நின்றார்கள். கீன் ஒன்று, ரிச்சார்லிசன் ஒன்று, 85-ஆவது நிமிடத்தில் கால்வர்ட்-லூயின் தலையால் மூன்றாவது. 3-2, இறங்காமல் தப்பினார்கள். மைதானம் முழுக்க மக்கள் இறங்கிவிட்டார்கள். எழுபது வருடப் பழக்கம் உள்ள ரசிகர்கள் ஏன் அப்படி அழுதார்கள் என்றால், இது நம் இடம் என்று நம்பியது கையை விட்டுப் போகப் பார்த்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் ரசிகர்களுக்கு அது போயே விட்டது. 1963-இல் அங்கே முதல் டிவிஷனான பண்டெஸ்லீகா தொடங்கிய நாள் முதல் தாங்கள் இருந்த காலத்தைக் காட்ட மைதானத்தில் ஒரு கடிகாரமே வைத்திருந்தார்கள். 2018-இல் இறங்கினார்கள், திரும்பி வர ஏழு வருடம் ஆனது.

இனி பிரென்ட்போர்ட். நாலு வருடம்தான், ஒப்புக்கொள்கிறேன். இடங்கள் 13, 9, 16, 10. இதற்குள் என்னென்ன இழந்தார்கள் பாருங்கள். 20 லீக் கோல் அடித்த ஐவன் டோனி எட்டு மாதம் தடையில் உட்கார்ந்தார். திரும்பி வந்ததும் அந்தக் கோடையில் சவுதிக்கு விற்றார்கள். அடுத்த சீசன் எம்பூமோ 20 கோல், விஸ்ஸா 19 கோல். அதை வைத்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன், மாற்றிக்கொள்ளவும் இல்லை.

ஆனால் பெரிய பரீட்சை இந்த 2025 கோடையில்தான். பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க் டாட்டன்ஹாமுக்குப் போய்விட்டார். எம்பூமோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, கேப்டன் நோர்கார்ட் ஆர்சனலுக்கு, கோல்கீப்பர் ஃப்ளெக்கன் லெவர்கூசனுக்கு. ஒரே கோடையில். பயிற்சியாளர் இடத்தில் அவர்கள் உட்கார வைத்திருப்பது கீத் ஆண்ட்ரூஸை, தங்கள் கிளப்பிலேயே ஃப்ரீ கிக், கார்னர் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரை. பலர் இதைச் சிரிக்கிறார்கள். 2018-இல் டீன் ஸ்மித் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோதும் உதவியாளரைத்தான் உட்கார வைத்தார்கள். அவர் முதல் பத்து ஆட்டத்தில் எட்டில் தோற்றார், கிளப் அவரை அசைக்கவில்லை. அந்த உதவியாளர்தான் தாமஸ் ஃபிராங்க். 2025 ஆகஸ்ட் 17, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் ஆண்ட்ரூஸின் முதல் ஆட்டம். அதில் தோற்றாலும் அவசரப்பட வேண்டாம், அடுத்த பத்து ஆட்டங்களையும் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியை மறுபடி அனுப்புங்கள்.