பருத்திக்காட்டிலிருந்து பறந்த பெஸ்ஸி கோல்மன்

(திரையில்: கரிசக்காடு, வெடித்த பருத்தி)

சங்கரன்கோவில் பக்கம் பருத்தி எடுத்தவர்களுக்குத் தெரியும். பஞ்சு மெத்தென்று இருக்கும். காய்ந்த தோட்டின் நுனியோ ஊசி மாதிரி விரலைக் கீறிவிடும். எடுத்ததைச் சேலை மடியில் போட்டுக்கொண்டே நிரை நிரையாகப் போக வேண்டும். எங்கள் ஆச்சியின் விரல்களைத் தொட்டுப் பார்த்தால் இன்றைக்கும் சொரசொரவென்றுதான் இருக்கும்.

அதே வேலையைச் செய்து வளர்ந்தவர்தான் பெஸ்ஸி கோல்மன். அமெரிக்காவின் டெக்சஸில் 1892 ஜனவரி 26-ஆம் தேதி பிறந்தார். பருத்தி எடுப்பு வந்துவிட்டால் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். பெஸ்ஸி கணக்கில் கெட்டி. அதனால் வீட்டார் எடுத்த பருத்திக்குக் கணக்கு வைத்ததும் அவர்தான்.

அப்புறம் சிகாகோவுக்குப் போனார். முடிதிருத்தும் கடை ஒன்றில், வருகிறவர்களுக்கு நகம் திருத்தும் வேலை. முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போய்த் திரும்பிய அண்ணன், "அங்கே பொம்பளைங்க விமானமே ஓட்டுறாங்க, உன்னால முடியுமா?" என்கிற மாதிரி சீண்டினார். அது பெஸ்ஸிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள ஒரு விமானப் பள்ளியும் முன்வரவில்லை. சரி, பிரான்சுக்கே போய்விடலாம் என்று பிரெஞ்சு மொழி படித்தார். 1920 நவம்பரில் கப்பலேறினார். 1921 ஜூன் 15 அன்று விமானி உரிமம் கைக்கு வந்தது. சர்வதேச விமானி உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

(திரையில்: இரட்டை இறக்கை விமானம்)

ஊர் திரும்பி விமான சாகசக் காட்சிகள் நடத்தினார். தான் வளர்ந்த வாக்சஹாச்சியில், வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு வேறு வாசல் என்றார்கள். ஒரே வாசல் இல்லையென்றால் பறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசியில் எல்லாரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது அந்த வாசல்தான்.

தன் மக்களுக்கென்று ஒரு விமானப் பள்ளி தொடங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது கைகூடவில்லை. 1926 ஏப்ரல் 30, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம். மறுநாள் பாராசூட்டில் குதிக்க வேண்டிய இடத்தை எட்டிப் பார்ப்பதற்காக பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தார். விமானத்தை ஓட்டியவர் அவருடைய மெக்கானிக் வில்லியம் வில்ஸ். விமானம் திடீரென்று தலைகுப்புறப் பாய்ந்து புரண்டது. பெஸ்ஸி வெளியே தூக்கி எறியப்பட்டார். விமானத்தோடு விழுந்த வில்ஸும் பிழைக்கவில்லை. விமானத்தின் இயக்கப் பகுதியில் ஒரு ஸ்பானர் சிக்கியிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். பெஸ்ஸிக்கு வயது 34.

(திரையில்: கொடைப் பந்தல், வில்லுப்பாட்டு)

நம் நெல்லைச் சீமையில், அநியாயமாக, அகாலமாகப் போனவர்களை ஊர் விட்டுவிடுவதில்லை. பீடம் போட்டு, வருஷா வருஷம் கொடை என்று கோயில் திருவிழா எடுப்பார்கள். வில்லில் கட்டிய மணி குலுங்க, வீசுகோல் விழ, குடம் முழங்க, பிறந்ததிலிருந்து கதையை எடுப்பார்கள். சாவு வரும் கட்டத்தில் பந்தலே கப்சிப் என்றாகிவிடும். கதை தெரிந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

சிகாகோவில் அந்த நினைவை வானத்தில் வைத்துக்கொண்டார்கள். பெஸ்ஸி இறந்து ஐந்தே வருஷத்தில், 1931-இல், அங்கே கறுப்பின விமானிகளுக்கென்று சங்கமே இருந்தது. அவர்கள் வருஷந்தோறும் விமானத்தில் வந்து, லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதிக்கு மேலே பறந்து பூப் போட்டார்கள். அவர் ஆரம்பிக்க நினைத்த பள்ளியில் படித்திருக்க வேண்டியவர்கள், எப்படியோ பறக்கக் கற்றுக்கொண்டு, பறந்தே வந்து அஞ்சலி செலுத்தினார்கள்.

1995-இல் அவருக்குத் தபால் தலை வந்தது, 2023-இல் கால் டாலர் நாணயம் வந்தது. ஆனால் எனக்கு அந்தப் பூ போதும்.

(திரையில்: பள்ளிக்கூட மைதானம், கொடிக்கம்பம்)

ஜனவரி 26 நமக்குக் குடியரசு தினம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடிக்குள் பூவை முடிந்து மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். கயிற்றைச் சுண்டியதும் சாமந்தியும் ரோஜா இதழும் பிள்ளைகள் தலையில் கொட்டும். இந்த வருஷம் மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு பெஸ்ஸிக்குப் பிறந்தநாள் என்று பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன்.